தூக்கிட்டுப் போகாதே, கூட்டிட்டுப் போ

ஒரகடத்துல இருந்து மெரினாவுக்கும் சரி, கோவளத்துக்கும் சரி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வண்டி இருந்தா அது ஒரு தூரமே இல்ல. கஷ்டமெல்லாம் ரோடு முடிஞ்சு மணல் ஆரம்பிக்கிற இடத்துலதான். மெரினாவுல தண்ணியைத் தொட கால் கிலோமீட்டருக்குக் குறையாம மணல்ல நடக்கணும். கால் நல்லா இருக்குறவங்களுக்கே மூச்சு வாங்கும். வீல்சேர்ல வர்றவங்க, ஸ்டிக் பிடிச்சு நடக்குறவங்க, முட்டி தேஞ்ச அம்மாக்கள் எல்லாம் அந்த ஓரத்துலயே உட்கார்ந்து, தூரத்துல ஒரு நீலக்கோட்டைப் பார்த்துட்டுத் திரும்புறாங்க.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம்னு வேலைக்கு வந்திருக்குற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க, கடலே பார்த்ததில்ல, நடக்க முடியாது, எப்படிக்கா? கூட வேலை செஞ்ச பையன் பைக் ஆக்சிடென்ட்ல அடிபட்டு வீட்டோட இருக்கான், அவனை எப்படிக்கா? உங்க மாமாவுக்கு முதுகுத்தண்டுல அடிபட்டு வீல்சேருக்கு வந்த பிறகும் நாங்க கடலுக்குப் போறதை விடல. அதனால தெரிஞ்சதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

முதல் விஷயம். "நாலு பசங்க இருக்கோம், அலாக்காத் தூக்கிட்டுப் போயிடுறோம்க்கா"ன்னு சொல்லாதே. தூக்குறவன் கால் மணல்ல புதையும். ஒருத்தன் தடுமாறினா நாலு பேரும் விழுவாங்க. ஏற்கெனவே அடிபட்ட உடம்புக்கு இன்னொரு அடி. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. தூக்கிட்டுப் போய் வெச்சா, எப்போ கிளம்புறதுங்கறது தூக்கினவங்க கையில போயிடும். பாத்ரூம் வந்தாக்கூட சொல்ல யோசிப்பாங்க. "மூட்டை மாதிரி போய் மூட்டை மாதிரி வர்றதுக்கு நான் வீட்லயே இருக்கேன்"னு உங்க மாமா ஒரே போடாப் போட்டுட்டார். இனி நான் சொல்றது எல்லாமே யாரையும் தூக்காம போயிட்டு வர்றதுக்கான வழிதான்.

எந்தக் கடற்கரை? மெரினாவுல விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல ஒரு மரப்பாதை இருக்கு. டிரைவர்கிட்ட ஐஸ் ஹவுஸ்னு சொன்னா போதும். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒரு வீல்சேர் போக, ஒண்ணு வர தாராளமா இடம் இருக்கு. 1 கோடியே 14 லட்ச ரூபாய் செலவுல மாநகராட்சி போட்டு, 2022 நவம்பர் 27ஆம் தேதி திறந்தாங்க. அதுக்கு முன்னாடி டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி சில நாளைக்கு மட்டும் தற்காலிகமா ஒரு பாதை போட்டு, அப்புறம் சுருட்டிடுவாங்க. மத்த நாள்ல கடல் பார்க்க ஆசை வராதா என்ன? டிசபிலிட்டி ரைட்ஸ் அலையன்ஸ் மாதிரி அமைப்புகள் வருஷக்கணக்கா விடாமக் கேட்டதாலதான் நிரந்தரப் பாதை வந்துச்சு. திறந்து ரெண்டு வாரம்கூட ஆகல, மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பிச்சுப் போட்டுடுச்சு. "காசு கடல்ல போச்சு"ன்னு கிண்டல் பண்ணாதவங்க இல்ல. புயல்ல ரோடு போனா திரும்பப் போடுறோம், யாரும் சிரிக்கிறதில்ல. அதே மாதிரி இதையும் சரிபண்ணித் திரும்பத் திறந்தாங்க.

பாதை அலை வரைக்கும் போகும்னு நினைச்சுடாதே. முடியுற இடத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல மணல் இருக்கும். கடல் சீசனுக்கு சீசன் உள்ள போகும், வெளிய வரும், அதனால அந்த இடைவெளியும் மாறும். ஆனா அலைச் சத்தம் நல்லா கேக்கும், காத்து மூஞ்சில அடிக்கும். முதல் தடவை வர்ற அம்மாவுக்கு அதுவே போதும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தப் பக்கமே போகாதே. நடக்க முடிஞ்சவங்க எல்லாம் மரப்பாதையிலதான் நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க. உனக்கு வீக் ஆஃப் நடுவாரத்துல வந்தா, அந்த ஒரு விஷயத்துல நீ கொடுத்து வெச்சவ. பெசன்ட் நகர்லயும் இப்போ மரப்பாதை வந்திருக்கு. தென்சென்னையில சொந்தக்காரங்க இருந்தா அது வசதி.

நம்ம பக்கத்துல இருந்து என் ஓட்டு கோவளத்துக்குத்தான். கேரளாக் கோவளம் இல்ல, நம்ம ஈசிஆர் கோவளம். மேப்ல போடும்போது பார்த்துப் போடு. ஒரகடத்துல இருந்து படப்பை, வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம்னு சென்னை நெரிசலுக்குள்ள போகாமலே சேர்ந்துடலாம். 2021 செப்டம்பர்ல கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் ஒண்ணா நீலக்கொடிச் சான்று கிடைச்சுது. டென்மார்க்ல இருக்குற ஒரு அமைப்பு கொடுக்குறது அது. தண்ணியோட சுத்தம், பாதுகாப்பு, கழிவறைன்னு 33 விஷயம் பார்ப்பாங்க. அதுல நடக்க முடியாதவங்க வந்து போக வசதி இருக்காங்கறதும் ஒண்ணு. அதனால அங்க பாதை, கழிவறை, மணல்ல ஓடுற வீல்சேர்னு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. மெரினா அளவுக்கு மணல் தூரமும் கிடையாது. ஆனா ஒண்ணு. எந்தக் கடற்கரையா இருந்தாலும், அங்க இருக்குற வீல்சேரை நம்பி மட்டும் வீட்டை விட்டுக் கிளம்பாதே. டயர்ல காத்து இல்லாம இருக்கலாம், பூட்டி வெச்ச ரூம் சாவி யார்கிட்டயோ இருக்கலாம். முதல் நாளே விசாரி. முடிஞ்சா ஒரு தம்பியை பைக்ல அனுப்பி போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லு.

என்ன போட்டோன்னு கேளு. பார்க்கிங்ல இருந்து பாதை ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் நடுவுல படி இருக்கா, கம்பித்தடுப்பு இருக்கா. பைக் வரக்கூடாதுன்னு நட்டு வெக்கிற கம்பம் நடுவுல வீல்சேர் நுழையாது. அப்புறம் கழிவறை. "மாற்றுத்திறனாளிகளுக்கு"ன்னு போர்டு இருக்கும், உள்ள துடைப்பமும் பக்கெட்டும் அடுக்கி வெச்சிருப்பாங்க. கதவை இன்ச் டேப் வெச்சு அளக்கச் சொல்லு. 90 சென்டிமீட்டர் திறப்பு இருந்தா நிம்மதி. சாதாரண வீல்சேரே 65 சென்டிமீட்டர் பக்கம் வரும். கைவிரல் இடிக்காம நுழையணும்ல. கழிவறை சரியில்லன்னு தெரிஞ்சா போறதைக் கேன்சல் பண்ண வேண்டாம். வழியில எந்த இடத்துல போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ. தண்ணி குடிக்காம இருந்து சமாளிக்கலாம்னு அம்மா சொல்வாங்க. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதே.

வண்டி விஷயத்துல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. கால் டாக்ஸி புக் பண்ணினா பாதி வண்டியில டிக்கி முழுக்க சிஎன்ஜி சிலிண்டர்தான் இருக்கும். மடக்கின வீல்சேரை எங்க வெப்பே? புக் பண்ணின உடனே டிரைவருக்குப் போன் போட்டு, "அண்ணா, டிக்கி காலியா இருக்கா, வீல்சேர் இருக்கு"ன்னு கேட்டுடு. மேல கேரியர் இருந்தா கட்ட ஒரு கயிறு கையில இருக்கட்டும். நாலஞ்சு பேரா போனா ஈகோ மாதிரி வண்டி நல்லது, பின்னாடி நிமிர்த்தியே வெச்சுடலாம். ஏறி இறங்க முன்சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளிட்டு, வீல்சேரையும் சீட்டையும் இணைக்கிற மாதிரி வழவழன்னு தேய்ச்ச ஒரு பலகை போட்டா, நகர்ந்தே உள்ள போயிடலாம். சென்னைக்குள்ள 2024 ஆகஸ்டுல இருந்து தாழ்தளப் பேருந்து ஓடுது. அது ஸ்டாப்புல ஒரு பக்கமாச் சாஞ்சு கொடுக்கும், சாய்தளமும் உண்டு. நம்ம பக்கத்து ஆளுங்க அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இப்போ மணல். வீல்சேர் மணல்ல நிக்கிறதுக்குக் காரணம் முன்னாடி இருக்குற ரெண்டு சின்ன சக்கரம்தான். மொத்த எடையும் விரல் அகல ரப்பர்ல இறங்கினா அது தோண்டிக்கிட்டு உள்ள போகாம என்ன செய்யும்? நீ பின்னாடி இருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாப் புதையும். ஒரு கட்டத்துல உட்கார்ந்திருக்குறவங்க முன்னாடி கவிழ்ந்துடுவாங்க. அதனால தள்ளாதே, இழு. வீல்சேரைத் திருப்பி, பின்பக்கமாச் சாய்ச்சு, சின்ன சக்கரம் ரெண்டும் அந்தரத்துல இருக்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு, பெரிய சக்கரத்து மேல மட்டும் பின்னோக்கி இழுக்கணும். கைப்பிடியில ஒருத்தர், பக்கத்துல துணைக்கு ஒருத்தர். சாய்க்கிறதுக்கு முன்னாடி "சாய்க்கிறேன்"னு சொல்லு. இழுக்கும்போது அவங்க முகம் ரோட்டைப் பார்த்துதான் இருக்கும், கடல் முதுகுப் பக்கம் வரும். அதையும் சொல்லிடு, இல்லன்னா பயந்து பிரேக்கைப் பிடிப்பாங்க. இடுப்பு பெல்ட் கட்டாயம். காஞ்ச மணலைவிட ஈர மணல் கெட்டியா இருக்கும், சக்கரம் நல்லா உருளும். ஆனா அங்க கடல் பக்கமா சரிவும் இருக்கும், அதனால பிரேக் போட்டாலும் கையை எடுக்காதே.

இதைவிடச் சுலபமான வழி பலகை. 12 மில்லி பிளைவுட்டை நாலடிக்கு மூணடியா வெட்டி மூணு துண்டு எடுத்துக்கோ. ரெண்டு துண்டுல வீல்சேர் நகரும்போதே மூணாவதை முன்னாடி போடு. தாண்டின பலகையை எடுத்துத் திரும்ப முன்னாடி போடு. நேரம் ஆகும்தான், ஆனா கை வலிமை இருக்குறவங்க தன் சக்கரத்தைத் தானே உருட்டிட்டு வரலாம். உங்க மாமாவுக்கு இதுதான் பிடிச்ச முறை. முட்டிவலி அம்மாவுக்கும் இதே பலகை உதவும். அவங்களை மணல்ல உட்கார வெச்சுடாதே, எழுப்ப முடியாது. பிளாஸ்டிக் சேர் கொண்டுபோ. ஆனா அப்படியே போட்டா நாலு காலும் நாலு தினுசாப் புதைஞ்சு சேர் விரிஞ்சுடும். கீழ பலகையைப் போட்டு அது மேல சேரைப் போடு.

ஸ்டிக், கிரச்சஸ் வெச்சிருக்குறவங்களுக்கு அடியில இருக்குற ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா முதல்ல அதை மாத்து. மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும், அகலமானதாக் கேளு. மரப்பாதையில பலகைக்கு நடுவுல இடைவெளி விழுந்திருந்தா ஸ்டிக் நுனி மாட்டிக்கும், கண்ணு கீழ இருக்கட்டும். செயற்கைக்கால் போட்டிருக்குறவங்க எந்தக் காலுன்னு பார்த்துக்கணும். 1968ல ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கின ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோட நடக்கவும் சேத்துல தண்ணியில இறங்கவும்னே யோசிச்சுச் செஞ்சது. முட்டியில இரும்பு மூட்டோ வேற நுட்பமான பாகமோ இருக்குற கால்னா உப்புத்தண்ணி ஆகாது. செஞ்சு கொடுத்த இடத்துல கேட்டுட்டுப் போ.

உடம்பு விஷயத்தை விளையாட்டா எடுத்துக்காதே. முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்குக் கீழ்ப்பகுதியில உணர்ச்சி இல்லாம இருக்கலாம். மதியம் மணல் அடுப்பாக் கொதிக்கும்போது பாதம் பட்டாத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சாக்ஸ், ஷூ போட்டுவிடு. மெத்தைக்கும் துணிக்கும் நடுவுல மணல் போனா அதுவே உரசி உரசிப் புண்ணாகும். அங்க இருக்கும்போது கால் மணிக்கு ஒருதரம் கையை ஊனி இடுப்பைத் தூக்கச் சொல்லு, இல்லன்னா ஒரு பக்கமாச் சாய்ஞ்சு உட்காரச் சொல்லு. காத்து நல்லா வீசும்போது இதெல்லாம் மறந்துபோகும், போன்ல அலாரம் வெச்சுக்கோ. கழுத்துகிட்ட அடிபட்டவங்களுக்கு வியர்வையும் சரியா வராது, உடம்பு சூடாகிட்டே போகும். ஒரு ஸ்பிரே பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போய் முகத்துல, கழுத்துல அடிச்சுவிடு.

மார்புக்கு மேல அடிபட்டவங்ககூடப் போறவங்க இதையும் தெரிஞ்சு வெச்சுக்கணும். திடீர்னு மண்டை இடிக்கிற மாதிரி தலைவலி, முகம் சிவந்து வியர்த்தா அது வெயில்னு நினைச்சுப் படுக்க வெச்சுடாதே. நிமிர்த்தி உட்கார வை. யூரின் டியூப் மடங்கியிருக்கா, பேக் நிறைஞ்சிருக்கா பாரு. பெல்ட், இறுக்கமான துணி எல்லாத்தையும் தளர்த்து. பெரும்பாலும் மூத்திரப்பை நிறைஞ்சு பிரஷர் ஏறுறதால வர்றது அது. சில நிமிஷத்துல அடங்கலன்னா 108க்கு போன் போடு.

நேரம்னு பார்த்தா விடியக்காலைதான். நம்ம கடல்ல சூரியன் தண்ணியில இருந்து எழும்பி வர்றதைப் பார்க்கலாம். கூட்டமும் இருக்காது, மணலும் சுடாது. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நல்ல மாசம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கடல் கொந்தளிப்பா இருக்கும், புயல் எச்சரிக்கையும் வரும், திட்டமே போடாதே. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வண்டியை எடுக்குற வேலையும் வேண்டாம். தூங்காத கண்ணோட நம்ம பக்கத்து ஹைவேயில ஓட்டினவங்க கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

தண்ணியில கால் நனைக்கணும்னு ஆசைப்படுவாங்க. நனைக்கலாம், நுரை வந்து போற இடத்துல, ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு. அதுக்கு மேல வேண்டாம். சென்னைக் கடல்ல உள்ள இழுக்குற நீரோட்டம் அதிகம், நீச்சல் தெரிஞ்ச பசங்களையே கொண்டுபோயிருக்கு. கிரீஸ் நாட்டுல சீட்ராக்னு ஒண்ணு பல கடற்கரையில வெச்சிருக்காங்க. கரையில இருந்து தண்ணிக்குள்ள தண்டவாளம் மாதிரி போகும், அது மேல ஒரு நாற்காலி, சூரியசக்தியில ஓடும். உட்கார்ந்திருக்குறவரே ரிமோட்டை அழுத்தி இறங்கலாம், ஏறலாம். நம்ம அலைக்கு அதை அப்படியே கொண்டுவந்து வெச்சா நிக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. அங்க கடல் அடங்கின கடல். ஆனா ரிமோட் அவர் கையில இருக்குங்கற அந்த யோசனை நமக்கும் வேணும்.

வேடிக்கை பார்க்குறவங்க இருப்பாங்க. "என்னாச்சு, பொறந்ததுல இருந்தேவா?"ன்னு முன்னப்பின்ன தெரியாதவங்க கேப்பாங்க, உன்கிட்ட கேப்பாங்க, அவங்ககிட்ட இல்ல. "அவரையே கேளுங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடு. மடியில சில்லறை போட்டுட்டுப் போற புண்ணியவான்களும் உண்டு. சுண்டல் வாங்கும்போது காசை அவங்க கையால கொடுக்க விடு.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியா இருந்தாலும் வீல்சேரை நல்ல தண்ணியில கழுவிட்டுப் படு. உப்புக்காத்து ஒரு ராத்திரியில பேரிங்கைப் பிடிச்சுடும். முன்சக்கரத்து அச்சுல சுத்தியிருக்குற மணலையும் முடியையும் பழைய டூத்பிரஷ்ல எடு. துடைச்சு, காயவெச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. பிரேக் கட்டையில மட்டும் எண்ணெய் படக்கூடாது.

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. ஒரகடத்துல டயர் தயாராகுது, அப்பல்லோ டயர்ஸ் இங்கதான் இருக்கு. காரும் பைக்கும் லாரியும் இங்கதான் செய்யுறோம். தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறை. இவ்வளவு கைத்தொழில் இருக்குற ஊர்ல இருந்து மணல்ல ஓடுற நாலு வீல்சேர் கோவளத்துக்குப் போகக்கூடாதா? சூத்திரம் ஒண்ணும் பெருசில்ல. டயர் அகலமா இருக்கணும், காத்து ரொம்பக் கம்மியா இருக்கணும், அப்போ எடை பரவி மணல் மேல மிதந்த மாதிரி போகும். இப்போ பசங்க ஓட்டுற ஃபேட் டயர் சைக்கிள் சக்கரத்துலயே ஆரம்பிக்கலாம். முன்சக்கரமும் அகலமா இருக்கணும்ங்கறதை மறந்துடாதே. குழாய் எஸ்எஸ்னா 304 வேண்டாம், கடல் காத்துக்கு 316 தான் தாங்கும்னு எந்த வெல்டரும் சொல்வார். அளவு எடுக்கும்போதே வீல்சேர்ல இருக்குற ஒருத்தரை உட்கார வெச்சு எடு. முடிச்ச பிறகு உட்கார வெச்சா கால்பலகை உயரம் தப்பாதான் இருக்கும்.

கம்பெனிகிட்டயும் கேக்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதம் சமூக வேலைக்குச் செலவு பண்ணணும். எச்ஆர்கிட்ட போய் "கடற்கரைக்கு ஏதாவது செய்யுங்க சார்"னு பொதுவாச் சொன்னா குப்பை பொறுக்குற விழா நடத்தி பேனரோட போட்டோ எடுத்துடுவாங்க. எழுதிக் கொடு: மணல் மேல பாதையா விரிச்சு, அப்புறம் சுருட்டி வைக்கிற விரிப்பு இத்தனை மீட்டர், மணல் வீல்சேர் இத்தனை, அதைப் பராமரிக்க உள்ளூர்ல ஒருத்தருக்கு மாசச் சம்பளம். மூணாவது இல்லன்னா முதல் ரெண்டும் அடுத்த மழைக்குள்ள வீணாப் போயிடும்.

மரப்பாதையில பலகை பேர்ந்திருந்தா, கழிவறை பூட்டியிருந்தா, அங்கேயே போட்டோ எடுத்து மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் மாநகராட்சியோட 1913 எண்ல புகார் கொடு. கோவளம் செங்கல்பட்டு மாவட்டம். நீ இருக்குறது காஞ்சிபுரம் மாவட்டம், 2019ல பிரிச்சுட்டாங்க. காஞ்சிபுரத்துல மனு கொடுத்தா அது ஊர் சுத்திட்டு வரும். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கொடு. மனுவுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிடு. ராஜீவ் ராதுரி வழக்குல 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், அணுகல் விதிங்கறது வெறும் பரிந்துரையா இருக்கக்கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொன்னதையும் ஒரு வரி சேர்த்துக்கோ. போட்டோவுல தேதி தெரியட்டும். மனு நம்பர் போட்ட ரசீதை வாங்காம வெளிய வராதே.